தோல் லீஷ்மேனியா: புண்ணுக்குள்ளேயே ஊசியா, இடுப்பில் இருபது நாள் ஊசியா?

#1 ஆறாப்புண்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

வலது முன்கையில ரெண்டு புண். பெரியது ரெண்டரை செ.மீ., சின்னது அதுக்குக் கீழே ஒரு செ.மீ. முதல்ல கொசுக்கடி மாதிரி ஒரு சிவப்புத் தடிப்பு. அப்புறம் நடுவுல பொருக்கு கட்டி, அதைப் பிச்சா குழி. வலி கிடையாது, அரிப்பும் பெருசா இல்ல. ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் முழுசா சாப்பிட்டேன், அசையவே இல்ல. மூணாவதா பார்த்த தோல் டாக்டர் புண்ணோட ஓரத்தைக் கீறி ஸ்லைடுல தடவி அனுப்பினார். லீஷ்மேனியான்னு வந்திருக்கு. மணல் ஈ கடிச்சு வர்ற ஒட்டுண்ணியாம்.

டாக்டர் ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு, சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் மருந்தை வாரத்துக்கு ஒரு தடவை புண்ணுக்குள்ளேயே ஊசியா ஏத்துறது. இன்னொண்ணு, அதே மருந்தை இடுப்புல தினம் ஒண்ணா இருபது நாள் போடறது. "யோசிச்சுட்டு அடுத்த வாரம் வாங்க"ன்னுட்டார்.

எதுல எத்தனை சதவீதம் குணமாகுதுன்னு யாராவது சொன்னா முடிவு பண்ணிடுவேன். எனக்கு வயசு 34, எடை 60 கிலோ, வேற வியாதி எதுவும் இல்ல.

#2 இருபது_நாள்

என் பெயரே பதில் சொல்லிடும்.

எனக்கு அஞ்சு புண், அதுல ஒண்ணு காது மடல்ல. அதனால எனக்கு வேற வழியே கொடுக்கல, இடுப்பு ஊசிதான். முதல் வாரம் "இவ்வளவுதானா"ன்னு இருந்துச்சு. ஒன்பதாம் நாள்ல இருந்து முட்டி, தோள்பட்டை எல்லாம் கிழவன் மாதிரி பிடிச்சுக்கிச்சு. பதினாலாம் நாள் ரத்தப் பரிசோதனையில லைபேஸ் ஏறியிருக்குன்னு (கணையம் சம்பந்தப்பட்டது) நாலு நாள் நிறுத்தினாங்க. நடுவுல வாரம் ரெண்டு ஈ.சி.ஜி. மருந்து அளவும் கொஞ்சநஞ்சம் இல்ல. ஒரே பக்கம் போட முடியாதுன்னு ரெண்டு பக்கமும் பிரிச்சுப் போடுவாங்க. உட்காரவே யோசிக்கணும்.

குணமாச்சா? ஆச்சு. காதுல ஒரு சின்ன வடு, அவ்வளவுதான். ஆனா கையில மட்டும் ரெண்டு புண் இருந்திருந்தா நான் இதுக்குச் சம்மதிச்சிருக்கவே மாட்டேன்.

#3 சும்மாவிடு

எதுவும் வேண்டாம். இது தானா ஆறுற புண். சுத்தமா வெச்சுக்கிட்டு ஆறு மாசம் பொறுங்க. அந்த ஊசி மருந்துல இருக்கிறது ஆண்டிமனி, அது ஒரு கன உலோகம். கையில இருக்கிற புண்ணுக்கு இதயத்தைப் பணயம் வைக்கணுமா?

#4 தோலியல்_பிஜி

தோல் மருத்துவ முதுகலை மாணவன் நான். உங்கள் டாக்டருக்கு மாற்றாக எதுவும் சொல்ல வரவில்லை. சதவீதம் கேட்டீர்கள், அதற்கு மட்டும்.

புண்ணுக்குள் ஊசியையும் தசை ஊசியையும் (நீங்கள் சொன்ன இடுப்பு ஊசி) நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2005-இல் வெளியான காபூல் ஆய்வு. ஒரே ஒரு புண் உள்ள 401 பேர். ஒரு பிரிவுக்கு 5–7 நாளுக்கு ஒருமுறை வீதம் ஐந்து தடவை புண்ணுக்குள் ஊசி. இன்னொரு பிரிவுக்குக் கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 21 நாள் தசை ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லை, ரேடியோ அலைக் கருவியால் புண்ணுக்கு 50 டிகிரி சூடு, 30 விநாடி, ஒரே அமர்வு. நூறாவது நாளில் தோல் முழுதாக மூடியவர்கள்: புண்ணுக்குள் ஊசியில் 75.3 சதவீதம், சூட்டில் 69.4, தசை ஊசியில் 44.8.

இதைப் படித்ததும் முடிவு எடுத்துவிடாதீர்கள். அது காபூல், அங்கே இருப்பது லீஷ்மேனியா டிராபிகா என்ற இனம். உங்களுக்கு எந்த இனம்? எந்த நாட்டில் இருந்தீர்கள்? உங்கள் கேள்வியில் இல்லாத முக்கியமான தகவல் அதுதான்.

#5 இருபது_நாள்

டாக்டர், 44.8னா பாதிக்கு மேல தோல்வி. அப்போ என் இருபது நாளும் தண்டமா? எனக்கு ஆறுச்சே!

#6 தோலியல்_பிஜி

தண்டம் இல்லை. அந்த ஆய்வில் எல்லோருக்கும் ஒரே ஒரு புண்தான். உங்களுக்கு ஐந்து, அதிலும் ஒன்று காது மடலில். அங்கே குருத்தெலும்பின் மேல் மெல்லிய தோல், மருந்தை ஏற்ற இடமே கிடையாது. நீங்கள் அந்த ஆய்வில் சேரவே தகுதி இல்லாதவர்.

இன்னொன்று. அந்த மூன்று சதவீதங்களும் எத்தனை பேரை வைத்துப் போட்டவை என்று பாருங்கள். புண்ணுக்குள் ஊசியில் 93 பேர், சூட்டில் 108, தசை ஊசியில் 58. கூட்டினால் 259. சேர்ந்தவர்களோ 401. மீதிப் பேர் கணக்கிலேயே இல்லை. தசை ஊசிப் பிரிவின் எண்ணிக்கைதான் மிகவும் மெலிந்திருக்கிறது. தினமும் ஊசிக்கு வந்து நிற்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே 44.8 என்பதைக் கல்லில் வெட்டிய எண்ணாக எடுத்துக்கொள்ள மாட்டேன். புண்ணுக்குள் போடுவது தசை ஊசியைவிட மட்டம் என்று நினைத்தவர்களுக்கு அது பதில், அந்த அளவில் மட்டும் நம்புகிறேன்.

#7 ஆறாப்புண்

வேலைக்காக மேற்கு ஆசியாவுல எட்டு மாசம் இருந்தேன், பாதி நாள் கூடாரத்துல. மணல் ஈயைக் கண்ணால பார்த்த ஞாபகமே இல்ல. இனம் தெரியணும்னு டாக்டரும் பி.சி.ஆர். அனுப்பியிருக்கார், ரிசல்ட் வரலை. இனம் தெரிஞ்சா மருந்து மாறுமா?

#8 தோலியல்_பிஜி

மாறும். சில சமயம் மருந்தே வேண்டாம் என்றுகூட ஆகும்.

மேற்கு ஆசியாவில் இரண்டு இனங்கள் முக்கியம். மேஜர் என்பது பாலைவன எலிகளிடமிருந்து வருவது. ஈரமான, பெரிய புண்ணாக வந்து பெரும்பாலும் சில மாதங்களில் தானே ஆறிவிடும். டிராபிகா வறண்ட புண், ஒரு வருடமும் அதற்கு மேலும் இழுக்கும், மருந்துக்கும் மெதுவாகத்தான் மசியும். தென் அமெரிக்காவின் பிரேசிலியென்சிஸ் என்றால் கவலையே வேறு. தோல் புண் ஆறிப் பல வருடம் கழித்து மூக்கு, தொண்டைச் சவ்வைத் தின்ன ஆரம்பிக்கலாம். அந்தப் பயத்தினால்தான் அங்கே நீண்ட காலம் உடல் முழுக்கப் போகும் மருந்தையே கொடுத்துவந்தார்கள். இப்போது அங்கேயும் பிடி தளர்ந்திருக்கிறது. அமெரிக்கப் பகுதிக்கான 2022 வழிகாட்டுதல், மூன்று புண் வரை, பெரியது 3 செ.மீ.க்குள் இருந்தால் புண்ணுக்குள் ஊசியைப் பரிந்துரைக்கிறது.

இனத்தின் விசித்திரத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. டோனவானி இனம் பீகாரில் ஈரலையும் மண்ணீரலையும் பிடித்துக் காலா அசாராக ஆளையே கொல்லும். இலங்கையில் அதே டோனவானி பெரும்பாலும் தோல் புண்ணோடு நின்றுவிடுகிறது. அங்கே புண்ணுக்குள் ஊசியும் திரவ நைட்ரஜனில் உறையவைப்பதும்தான் வழக்கமான சிகிச்சை.

#9 சும்மாவிடு

பார்த்தீங்களா, "மருந்தே வேண்டாம்"னு டாக்டரே சொல்லிட்டார். நான் வெறும் வாயை மெல்லலை. துனிசியாவுல களிம்பு ஆய்வு ஒண்ணு, 2013-ல வந்தது. பரோமோமைசின் களிம்பு போட்டவங்கள்ல 82 சதவீதம், அதோட ஜென்டாமைசின் சேர்த்துப் போட்டவங்கள்ல 81 சதவீதம் குணம். மருந்தே இல்லாத வெறும் களிம்பு போட்டவங்கள்ல? 58 சதவீதம்! பாதிக்கு மேல சும்மாவே ஆறியிருக்கு. இப்போ "என் ஊசியில 80 சதவீதம் குணம்"னு எவனாவது சொன்னா, அதுல ஊசி எவ்வளவு, உடம்பு எவ்வளவுன்னு யார் பிரிக்கிறது?

#10 தோலியல்_பிஜி

இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி இதுதான், மனதாரச் சொல்கிறேன். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஊசி ஆய்வுகள் நிறைய வருகின்றன. "முப்பது பேருக்குப் போட்டோம், இருபத்தேழு பேருக்கு ஆறியது" என்று எழுதியிருப்பார்கள். இனம் மேஜராக இருந்தால் அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை.

ஆனால் துனிசியா ஆய்வு முழுக்க மேஜர் இனம். அந்த 58-ஐ டிராபிகாவுக்குத் தூக்கிப்போட முடியாது. நண்பர் சொல்வது சரியா தவறா என்பது இப்போது அந்த பி.சி.ஆர். குழாய்க்குள் இருக்கிறது.

#11 ஊசிக்கை

தம்பி, நான் இந்த ஊசி போடுற நர்ஸ். பல வருஷமா தோல் பிரிவுலதான் இருக்கேன். இனம், சதவீதம் எல்லாம் டாக்டர்மாருங்க பார்த்துக்கட்டும். புண்ணுக்குள்ள போடறதுன்னா என்னன்னு இங்க யாரும் சொல்லலையே.

முதல் விஷயம், வலிக்கும். "எறும்பு கடிச்ச மாதிரி"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இடுப்புல போடற ஊசிக்குத் தசை இடம் கொடுக்கும். இங்க தடிச்சுப்போன தோலுக்குள்ள மருந்தை அமுக்கி ஏத்தணும். உள்ளே போற வரைக்கும் எரியும், அப்புறம் அரை மணி நேரம் கனக்கும்.

ரெண்டாவது, ஊசி போடற கையைப் பொறுத்துதான் பாதிப் பலன். குத்த வேண்டியது புண்ணோட நடுக்குழியில இல்ல, தடிச்ச ஓரத்துல. ஒட்டுண்ணி அங்கதான் இருக்கு. நாலு பக்கத்துல இருந்தும் மெல்லிய ஊசியால தோலுக்குள்ளேயே கொடுத்து, புண் முழுக்க வெளுத்துப்போற வரைக்கும் ஏத்தணும். வெளுக்கலைன்னா மருந்து இடத்துக்குப் போகலைன்னு அர்த்தம். ஊசி கொஞ்சம் ஆழமா இறங்கிட்டா கொழுப்புக்குள்ள போயிடும். போடறவங்களுக்குச் சுலபமா இருக்கும், நோயாளிக்கு வலியும் தெரியாது, ஆனா பலனும் இருக்காது. வலிக்காம போட்டாங்கன்னு சந்தோஷமா வந்தவங்க ரெண்டு மாசம் கழிச்சு அதே புண்ணோட என்கிட்ட வந்திருக்காங்க.

சிரிஞ்சு சாதாரணமா சொருகறதா இருக்கக் கூடாது, திருகிப் பூட்டறதா இருக்கணும். அழுத்தத்துல ஊசி தெறிச்சுக் கழண்டுடும். பொருக்குக்கு இடையில மருந்து பீச்சி அடிக்கும், அதனால நான் கண்ணாடி போட்டுக்குவேன். நீங்களும் முகத்தைத் திருப்பிக்கோங்க.

மூணாவது, புண்ணுல சீழ் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும்.

விரல், மூக்கு நுனி, காது, கண் இமை, இங்கெல்லாம் நான் போட மாட்டேன்னு சொல்லிடுவேன். அமுக்கி ஏத்த இடம் கிடையாது. முன்கை நல்ல இடம். பயப்படாம வாங்க.

#12 மருந்தாளுநர்

அக்கா கையைப் பற்றிச் சொன்னார்கள், நான் அளவைப் பற்றி. நம் நண்பர் 60 கிலோ. கிலோவுக்கு 20 மி.கி. என்றால் நாளொன்றுக்கு 1,200 மி.கி. ஆண்டிமனி. ஸ்டிபோகுளுகோனேட் மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. இருக்கிறது, ஆக தினம் 12 மி.லி. இருபது நாளில் 240 மி.லி., 24,000 மி.கி. இதையே புண்ணுக்குள் என்றால், இரண்டு புண்ணுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு 3 மி.லி. என்றே வைப்போம். ஐந்து தடவைக்கு 15 மி.லி., 1,500 மி.கி. பதினாறில் ஒரு பங்கு. இதயமும் கணையமும் ஏன் அந்தப் பக்கம் அலறுகின்றன, இந்தப் பக்கம் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன என்பதற்கு இந்த வகுத்தல் போதும். "இதயத்தைப் பணயம் வைக்கணுமா" என்ற கேள்வி தசை ஊசிக்குத்தான் பொருந்தும்.

மெக்லுமின் ஆண்டிமோனியேட் என்று இன்னொன்று இருக்கிறது, குளுகான்டைம் என்ற பெயரில் வருவது. பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீசு பேசும் நாடுகளில் அதுதான் புழக்கம். அதில் மி.லி.க்கு 81 மி.கி. ஆண்டிமனி. ஆகவே "அவருக்கு 12 மி.லி. போட்டார்களே, எனக்கு ஏன் 15" என்று குழம்பாதீர்கள், உள்ளே போகும் உலோகம் ஒன்றுதான். இரண்டில் எது உயர்ந்தது என்று சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை. கையில் கிடைப்பதுதான் மருந்து.

கொஞ்சம் பழங்கதை. 1912-இல் பிரேசிலில் காஸ்பர் வியன்னா இந்தத் தோல் நோய்க்கு டார்டர் எமெடிக் என்ற மூவிணைதிற (இணைதிறன் மூன்று உள்ள) ஆண்டிமனியைப் பயன்படுத்தினார். வேலை செய்தது, நஞ்சும் கூடவே வந்தது. பத்து வருடம் கழித்து, கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஐயிணைதிற (இணைதிறன் ஐந்து உள்ள) ஆண்டிமனி மருந்தான யூரியா ஸ்டிபமைனைக் காலா அசாருக்குக் கொண்டுவந்தார். இன்றைய இரண்டு ஊசிகளும் அந்த ஐயிணைதிற வழியில் வந்தவை. வேடிக்கை என்னவென்றால், ஐயிணைதிற ஆண்டிமனி உடலுக்குள் போய் மூவிணைதிறமாக மாறிய பிறகுதான் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. சுற்றி வளைத்துப் பழைய விஷத்தையேதான் கொடுக்கிறோம், வாசல் வரை உறை போட்டு.

நம் நண்பரின் ஸ்லைடில் பார்த்தது லீஷ்மன்–டோனவன் உருக்கள், அதாவது நுண்ணோக்கியில் தெரியும் அந்த ஒட்டுண்ணிகள். அந்த டோனவன் அவற்றை 1903-இல் கண்டது மதராஸில்.

#13 இடையில்_வந்தவன்

ஆண்டிமனியே வேண்டாம்னா வேற ஊசி இல்லையா? ஆம்போடெரிசின், பென்டமிடின்னு எல்லாம் படிச்சேன்.

#14 தோலியல்_பிஜி

பென்டமிடின்: கிலோவுக்கு 3–4 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நான்கு ஊசியோடு முடியும். கயானா, சுரினாம் பக்கத்து கயானென்சிஸ் இனத்துக்கு அதுதான் முதல் தேர்வு. குறுகிய சிகிச்சை என்று ஆசைப்பட வேண்டாம். ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் விழும், படுக்கவைத்துத்தான் போடுவார்கள். சர்க்கரை சடாரென்று இறங்கும், கணையத்தின் செல்கள் சேதமானால் பிறகு நிரந்தரச் சர்க்கரை நோயும் வரலாம். இந்த நண்பருக்கு அது தேவையில்லை.

லைப்போசோமல் ஆம்போடெரிசின்: நரம்பு வழியாக, கிலோவுக்கு 3 மி.கி., பொதுவாக ஆறேழு தடவை. சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் கவனிக்க வேண்டும். புண் நிறைய, முகத்தில், எதிர்ப்பு சக்தி குறைந்தவர், ஆண்டிமனி கேட்கவில்லை, இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல ஆயுதம். ஆனால் தோல் நோயில் அதற்கான ஆதாரம் பெரும்பாலும் ஊர் திரும்பிய பயணிகளின் தொகுப்புகள்தான். பெரிய நேருக்கு நேர் ஆய்வு என்று காட்ட அதிகம் இல்லை.

புண்ணுக்குள்ளேயே மெட்ரோனிடசோல், அடர் உப்புக் கரைசல் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஆண்டிமனி கிடைக்காத இடத்தில் உப்புக் கரைசல் ஒரு வழி, பொறுமை கூடுதலாக வேண்டும். மெட்ரோனிடசோலை நான் நம்பவில்லை.

#15 அவசரக்காரன்

இத்தனை பேச்சு எதுக்கு? ஐவர்மெக்டின் ஊசி ஒண்ணு போட்டா எல்லா ஒட்டுண்ணியும் காலி. மாட்டுக்குப் போடறாங்களே.

#16 கால்நடை

மாட்டுக்குப் போடுகிறவன் நான், அதனால் சொல்கிறேன். மாட்டுக்கு அதைப் போடுவது புழுவுக்கும் பேன், உண்ணிக்கும். லீஷ்மேனியா செல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றைச் செல் உயிரி. பூட்டு வேறு, சாவி வேறு. கால்நடைக்கான ஊசி மருந்தை மனிதர் போட்டுக்கொள்ளவும் கூடாது.

நாய்களுக்கு லீஷ்மேனியா வரும், இன்ஃபான்டம் என்ற இனம். மெக்லுமினும் அலோபியூரினாலும் சேர்த்துக் கொடுப்பார்கள். நாய் தேறும், ஒட்டுண்ணி முழுதாகப் போகாது. திரும்பி வரும்.

#17 நெறியாளர்

இங்கே வரும் அளவுகள் பேச்சுக்கு மட்டும். யாரும் சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். #15-க்கு ஒரு எச்சரிக்கை.

#18 ஆறாப்புண்

பி.சி.ஆர். வந்துடுச்சு. டிராபிகா.

@சும்மாவிடு, உங்க கட்சி தோத்துடுச்சு போல.

#19 சும்மாவிடு

டிராபிகான்னா நானே போட்டுக்குவேன், புண்ணுக்குள்ள. இடுப்புல மட்டும் வேண்டாம்.

#20 ஆறாப்புண்

மூணு ஊசி முடிஞ்சுது. அக்கா சொன்னது ஒவ்வொண்ணும் நடந்துச்சு. முதல் நாள் போட்டவர் புதுசு, வலிக்கவே இல்ல. எனக்குத்தான் பயம் வந்துச்சு. "வெளுக்கலையே சார்"னு கேட்டுட்டேன். அவர் முறைச்சார். உள்ளே இருந்து டாக்டர் வந்து பார்த்துட்டுத் திரும்ப ஓரத்துல ஏத்தினார். அப்போ கத்தினேன்.

ஒரு சந்தேகம். ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் புண் இன்னும் சிவந்து, பெருசான மாதிரி இருக்கு. மருந்து ஒத்துக்கலையா?

#21 ஊசிக்கை

மருந்து ஏறின புண் முதல்ல சிவந்து வீங்கும், அப்புறம்தான் அடங்கும். ஆனா சீழ், காய்ச்சல் இருந்தாலோ, கையில மேல்நோக்கி வரிசையா புதுக் கட்டி வந்தாலோ அடுத்த ஊசி வரைக்கும் காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட காட்டணும். தடவிப் பாருங்க, ஓரம் பழைய மாதிரி கெட்டியா இருக்கா, இளகியிருக்கா?

#22 ஆறாப்புண்

புதுக் கட்டி எதுவும் இல்ல. சின்னப் புண் இளகிடுச்சு. பெருசுல மேல் பக்க ஓரம் மட்டும் இன்னும் கெட்டி.

#23 ஊசிக்கை

அந்த மேல் ஓரத்தைப் பேனாவால வட்டம் போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. அடுத்த ஊசி அங்க நிறையப் போகணும்.

#24 ஆறாப்புண்

ஆறு ஊசியாச்சு, டாக்டர் ஒண்ணு கூடுதலா போட்டார். சின்னது மூடிடுச்சு. பெருசுல நகக்கண் அளவு இடம் மட்டும் திறந்திருக்கு. "இனி ஊசி வேண்டாம், பார்ப்போம்"னுட்டார். முழுசா ஆறலையே, ஏன் நிறுத்தினார்?

#25 தோலியல்_பிஜி

ஊசி நின்ற பிறகும் புண் ஆறிக்கொண்டே இருக்கும். குணமா இல்லையா என்று கணக்கிடுவதே சிகிச்சை தொடங்கிச் சுமார் 90-ஆம் நாளில்தான். அதற்கு முன்னால் ஊசியை அடுக்கிக்கொண்டே போனால் மருந்தே புண்ணைக் கிளறிவிடும். ஆறிய வடுவின் ஓரத்தில் புதிதாகச் சிறு பருக்கள் வருகின்றனவா என்று ஒரு வருடம் வரை பார்த்துக்கொள்ளுங்கள். டிராபிகா அப்படித்தான் திரும்பும்.

#26 இருபது_நாள்

90-ஆம் நாள் என்னைக்கு வருது? போட்டோ போடுங்க, காது மடல்காரன் காத்திருக்கேன்.

#27 ஆறாப்புண்

இன்னும் 38 நாள் இருக்கு அண்ணா. அதே வெளிச்சத்துல, பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுத்துப் போடறேன்.